முத்துலட்சுமி ரெட்டி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (சூலை 30, 1886 - சூலை 22, 1968) தமிழ்நாட்டைச் சேர்ந்த மருத்துவர், சமூகச் சீர்திருத்தவாதி, சட்டமன்ற உறுப்பினர் ஆவார். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரும் முதல் பெண் துணைத் தலைவரும் இவரே. சென்னை பெசன்ட் நகரில் உள்ள அவ்வை இல்லமும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இவர் நிறுவியவை. ஒரு மகளாகவும் தமக்கையாகவும் தாயாகவும் இவர் தம் வீட்டில் கண்ட துயரங்களே இவருடைய பொதுப்பணிகள் பலவற்றுக்குத் தோற்றுவாயாக அமைந்தன.

பிறப்பும் இளமையும்

முத்துலட்சுமி அன்றைய புதுக்கோட்டை சமத்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராசா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். கோயில்களில் ஆடல் பாடல் பணி செய்த தேவதாசியர் மரபில் வந்தவர். இத்திருமணத்தின் காரணமாக நாராயணசாமி ஐயரை அவருடைய உறவினர் விலக்கி வைத்தனர். தாயின் உறவினரோடு நெருங்கி வளர்ந்த முத்துலட்சுமி, அக்குலத்துப் பெண்களின் கலைத்திறனையும் அவர்கள் பட்ட இழிவையும் சிறுவயதிலேயே அறிந்திருந்தார்.

கல்வி

அக்காலத்தில் பெண்கள் பூப்பெய்தியதும் பள்ளிக்குச் செல்வது நின்றுவிடும். முத்துலட்சுமிக்கும் அவ்வாறே நேர்ந்தது. ஆயினும் தந்தை வீட்டிலேயே கல்வி புகட்டினார். தாயார் மகளுக்கு விரைவில் மணம் முடிக்க விரும்பினார். மகளோ படிப்பையே விரும்பினார். வீட்டிலிருந்தபடியே மெட்ரிக்குலேசன் தேர்வில் தேறிய பின்னர், ஆண்கள் மட்டுமே பயின்று வந்த மகாராசா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். பெண் ஒருத்தி வந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் எனக் கூறிக் கல்லூரி நிருவாகத்தினரும் பெற்றோரும் எதிர்த்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்து, உதவித்தொகையும் வழங்கினார்.

1907-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த இவர், பல பரிசுகளும் பதக்கங்களும் பெற்று 1912-இல் பட்டம் பெற்றார். பின்னர் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றினார்.

இவரை இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் எனக் குறிப்பிடும் வழக்கம் உண்டு. அது சரியன்று. ஆனந்திபாய் சோசி, காதம்பினி கங்கூலி ஆகிய இருவரும் இவர் பிறந்த 1886-ஆம் ஆண்டிலேயே மருத்துவர் தகுதி பெற்றுவிட்டனர். எனினும் தென்னிந்தியாவில் மருத்துவப் பட்டம் பெற்ற முன்னோடிப் பெண்களுள் இவர் ஒருவர் என்பதில் ஐயமில்லை.

இல்லற வாழ்க்கை

நெடுநாள் திருமணத்தைத் தவிர்த்து வந்த முத்துலட்சுமி, 1914-ஆம் ஆண்டு ஏப்ரலில் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை விதித்து, அவர் அதற்கு உடன்பட்ட பின்னரே இவர் இசைந்தார். 1872-ஆம் ஆண்டின் திருமணச் சட்டப்படி இத்திருமணம் பதிவு செய்யப்பட்டது. இவர்களுக்கு இராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரு மைந்தர்கள் பிறந்தனர்.

குழந்தை வளர்ப்பு, வீட்டு நிருவாகம், மருத்துவத் தொழில் ஆகிய மூன்றையும் இவர் ஒருங்கே நடத்தி வந்தார். 1923-இல் இவருடைய தங்கை புற்றுநோயால் இளவயதில் இறந்தார். மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காப்பாற்ற இயலாமற்போன வேதனை இவர் மனத்தில் நீங்காது நிலைத்தது. 1925-இல் அரசின் உதவித்தொகை பெற்றுக் குடும்பத்துடன் இலண்டன் சென்று, பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற்றார். 1926-இல் பாரிசு நகரில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

சட்டமன்றப் பணி

அடையாற்றில் 1917-இல் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கம், சட்டமன்றத்தில் பெண் ஒருவர் இடம்பெற வேண்டுமென வலியுறுத்தியது. அச்சங்கத்தின் பரிந்துரையை ஏற்று, அரசு முத்துலட்சுமியை 1926-இல் உறுப்பினராக நியமித்தது. அந்நாளில் சென்னைச் சட்டமன்றம் சட்ட மேலவை என்ற பெயரில் ஓரவையாக இயங்கி வந்தது. 1927-இல் அவை இவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. நோயாளர்களை விட்டுப் பிரிய வேண்டியிருக்குமே என்பதால் முதலில் தயங்கிய இவர், பெண்கள், குழந்தைகள் நலனுக்கு இதுவும் ஒரு வழி எனக் கருதிப் பொறுப்பை ஏற்றார். பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சோதனை, பெண்களின் திருமண வயதை உயர்த்துதல் ஆகியவற்றுக்காக அவையில் வாதாடினார்.

தேவதாசி முறை ஒழிப்பு

பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடுக்க வேண்டுமென 1927-ஆம் ஆண்டு நவம்பரில் இவர் அவையில் தீர்மானம் கொண்டுவந்தார். இவ்வழக்கத்தின் பின்னே நிலம் இருந்தது. கோயில் பணிக்காகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு மானிய நிலங்கள் அளிக்கப்பட்டிருந்தன. பணியைத் தொடர ஒரு பெண் இல்லாவிடில் நிலத்தை இழக்க நேரிடும். ஆகவே நிலத்தைக் காக்கும் பொருட்டே அடுத்த தலைமுறைப் பெண்ணுக்குப் பொட்டுக்கட்டும் கட்டாயம் ஏற்பட்டது. 1929-இல் இவருடைய முயற்சியால் இந்து அறநிலையச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், கோயில் பணி என்னும் நிபந்தனையிலிருந்து அந்நிலங்களை விடுவித்தது. பொட்டுக்கட்டுதலையே குற்றமாக்கும் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது.

இம்முயற்சிக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அவையில் எஸ். சத்தியமூர்த்தி எதிர்த்துப் பேசினார். பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசியரும், தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்று கூறி அரசுக்கு முறையிட்டனர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்று அம்மரபிலேயே பிறந்த வேறு சிலர் ஒழிப்பை ஆதரித்தனர். பிற்கால ஆய்வாளர்கள், இச்சட்டம் சிறுமியரைக் காத்ததைப் போற்றும் அதே வேளையில், பரம்பரைக் கலைஞர்கள் மேடையையும் வாழ்வாதாரத்தையும் இழந்ததையும் சுட்டிக்காட்டியுள்ளனர். முத்துலட்சுமி தம் தாயின் குலத்தை வெளியிலிருந்து பார்த்துத் தீர்ப்புக் கூறியவர் அல்லர். அவ்வாழ்வுக்கு மிக அருகில் வளர்ந்ததாலேயே அதில் சமரசத்துக்கு இடமில்லை என்று கருதினார்.

1930-இல் உப்பு அறப்போரின்போது காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து, இவர் தம் பதவியைத் துறந்தார்.

அவ்வை இல்லம்

அதே ஆண்டில், பொட்டுக்கட்டும் வாழ்விலிருந்து விலகிய சிறுமியர் சிலர் அடைக்கலம் தேடி வந்தனர். குலத்தின் பெயரைக் கேட்டு விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. முத்துலட்சுமி அவர்களைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். ஒரு கொடுமையைச் சட்டத்தால் தடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து வெளியேறுவோர்க்கு உணவும் கல்வியும் தங்குமிடமும் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது. அவ்வாறு தோன்றியதே அவ்வை இல்லம். மணவாழ்வை நாடாது தமிழ்ப் புலமையால் மதிப்புப் பெற்ற மூதாட்டியின் பெயரை இவர் அதற்குச் சூட்டினார்.

1936-இல் இல்லம் தற்போதைய இடத்துக்கு வந்தது. பெசன்ட் நகர் என்னும் குடியிருப்புப் பகுதி அப்போது உருவாகியிருக்கவில்லை. சாதி, குலம் பாராமல் ஆதரவற்ற பெண் குழந்தைகள் அனைவரையும் இல்லம் ஏற்றுக்கொண்டது. அவர்கள் பள்ளிக் கல்வி பெற்று ஆசிரியராகவும் செவிலியராகவும் தம் காலில் நிற்க வேண்டும் என்பதே இவருடைய நோக்கம்.

புற்றுநோய் மருத்துவமனை

தங்கையின் மரணத்துக்குப் பின் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைக்கும் எண்ணம் இவரிடம் வேரூன்றியது. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் இக்கருத்தை வெளிப்படையாக எடுத்துரைத்தார். புற்றுநோய் வந்தால் இறப்பு உறுதி, அதற்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என்னும் எண்ணமே அன்று பரவலாக நிலவியது. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டப்பட்டது. 1952-இல் பிரதமர் சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18 அன்று அடையாற்றில் 12 படுக்கைகளுடன் சிறு மருத்துவமனை தொடங்கப்பட்டது. இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி புற்றுநோய் மருத்துவராகி அதனை வளர்த்தார். அவருடன் 1955-இல் இணைந்த மருத்துவர் வி. சாந்தா 2021-இல் மறையும் வரை அங்கேயே பணியாற்றினார். தாயின் துயரத்தில் பிறந்த பணி மகனின் வாழ்நாட்பணியாகத் தொடர்ந்தது.

இறுதிக் காலமும் மறைவும்

விடுதலைக்குப் பின் மாநிலச் சமூக நல வாரியத்தின் தலைவராகவும் முத்துலட்சுமி பணியாற்றினார். இந்திய அரசு 1956-இல் இவருக்குப் பத்ம பூசண் விருது அளித்துச் சிறப்பித்தது. முதிய வயதிலும் அவ்வை இல்லத்தின் மீதும் மருத்துவமனையின் மீதும் அக்கறை குறையாதிருந்தார். தம் 82-ஆம் பிறந்தநாளுக்கு எட்டு நாட்கள் இருக்கையில், 1968 சூலை 22 அன்று காலமானார்.

நினைவு

தமிழ்நாட்டில் ஏழைக் கருவுற்ற பெண்களுக்கு அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு இவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது. 2019-இல் தமிழக அரசு இவருடைய பிறந்த நாளான சூலை 30-ஐ மருத்துவமனை நாளாகக் கொண்டாடுமாறு அறிவித்தது. விடுதிகள் கதவடைத்த சிறுமியருக்காக இவர் திறந்த அவ்வை இல்லம், பெசன்ட் நகரில் பெண் குழந்தைகளின் புகலிடமாகத் தொடர்ந்து இயங்கி வருகிறது.