ஒளியால் நேரத்தை நிறுத்தியவர்: ஹெரால்டு எட்ஜர்டன்

கல்யாண வீட்டுல போட்டோக்காரரைக் கவனிச்சிருக்கீங்களா? கேமரா அவர் கையில் இருக்கும். ஃபிளாஷ் மட்டும் தூரத்தில் ஒரு ஸ்டாண்டு மேல் குடைக்குள் நிற்கும். நடுவில் வயரே கிடையாது. கேமரா தலையில் இருக்கும் சின்ன டிரிகர் ரேடியோ அலையில் சைகை கொடுக்கும், உடனே அங்கே பளிச்! இந்த மின் ஃபிளாஷை ஆய்வுக்கூடத்தில் இருந்து உலகுக்குக் கொண்டுவந்தவர்தான் எட்ஜர்டன்.

1903 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்தார். வளர்ந்தது அரோரா என்ற சிற்றூரில். மின்பொறியியல் படித்து, எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லீங்க, அமெரிக்காவில் உள்ளது!) 1931ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அங்கே அவர் ஆராய்ந்தது பெரிய மின் மோட்டார்களை. வேகமாகச் சுற்றும் மோட்டாருக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாதே! ஆனால் மோட்டார் சுற்றும் அதே தாளத்தில் ஒரு விளக்கு மின்னி மின்னி அணைந்தால், மோட்டார் அசையாமல் நிற்பது போலத் தெரியும். இந்த விளக்கை அவர் நல்ல பிரகாசமாகச் செய்தார். மின்தேக்கியில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, வாயு நிரப்பிய குழாய்க்குள் ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டியது. அவ்வளவுதான் தத்துவம்.

இனிமேல்தான் சுவாரசியம். வேகமா ஓடுறதைப் படம் எடுக்க ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் போதாதா என்று கேட்பீங்க. ஒரு துப்பாக்கிக் குண்டு நொடிக்கு 800 மீட்டர் போகிறது என்று வையுங்கள். நொடியில் 1000ல் ஒரு பங்கு நேரத்திலேயே அது 80 சென்டிமீட்டர் தாண்டிவிடும்! இன்னொரு சிக்கலும் உண்டு. இன்றைய பெரிய கேமராக்கள் பலவற்றில் ஷட்டர் என்பது இரண்டு திரைகள். நொடியில் 250ல் ஒரு பங்கைவிட வேகம் கூடினால், முதல் திரை முழுசாகத் திறக்கும் முன்பே இரண்டாவது திரை மூட ஆரம்பித்துவிடும். அந்த நேரம் ஃபிளாஷ் அடித்தால் படத்தில் ஒரு பாகம் கறுப்புப் பட்டையாக விழும். இதைச் சமாளிக்க இப்போதைய ஃபிளாஷ்கள் விடாமல் துடித்துத் துடித்து எரியும். அதில் வெளிச்சம் குறைந்துபோகும்.

எட்ஜர்டன் வழியே வேறு. அறையை இருட்டாக்குவார், ஷட்டரைத் திறந்தே வைத்துவிடுவார்! துப்பாக்கிச் சத்தம் மைக்கில் விழுந்ததும் ஃபிளாஷ் தானாக மின்னும், அதுவும் நொடியில் 10 லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். அதற்குள் குண்டு ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. ஆப்பிளைத் துளைத்து வெளியே வரும் குண்டை 1964ல் இப்படித்தான் பிடித்தார். பால் துளி விழுந்து கிரீடம் போல எழும்பும் படத்துக்கோ 1930களில் இருந்தே திரும்பத் திரும்ப முயன்றார். புகழ்பெற்ற வண்ணப்படம் 1957ல்தான் கிடைத்தது. என்ன பொறுமை பாருங்க! அவருடைய படங்களை வைத்து எடுத்த ஒரு குறும்படம் 1940க்கான ஆஸ்கார் விருதையும் வாங்கியது.

இரண்டாம் உலகப் போரில் இதே ஃபிளாஷ் பெரிய உருவம் எடுத்து விமானத்தில் ஏறியது. 1944ல் நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்குவதற்கு முந்தைய இரவு, எதிரிப் படை எங்கே இருக்கிறது என்று வானில் இருந்தே படம் எடுத்தார்கள். பல உயிர்கள் அந்தப் படங்களை நம்பி இருந்தன. போருக்குப் பிறகு அணுகுண்டுச் சோதனைகளைப் படம் எடுக்க, அசையும் பாகமே இல்லாத ஷட்டரையும் அவர் குழு செய்தது. அந்தத் தீப்பந்துப் படங்களைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வருகிறது. பால் துளியைப் பார்த்த அதே கண்ணா இதையும் பார்த்தது என்று தோன்றுகிறது.

எனக்குப் பிடித்தது அவருடைய கடல் பயணங்கள்தான். 1953 முதல் கூஸ்தோவின் கலிப்ஸோ கப்பலில் போய், ஆழ்கடல் இருட்டில் ஃபிளாஷ் அடித்தார். மாலுமிகள் அவருக்கு வைத்த செல்லப் பெயர் பப்பா ஃபிளாஷ். 1862ல் மூழ்கிய மானிட்டர் என்ற போர்க்கப்பலை 1973ல் கண்டுபிடித்த குழுவிலும் அவர் இருந்தார்.

இவ்வளவு பெரிய ஆள், தன் படங்களை அஞ்சலட்டையாக அச்சிட்டுப் பையில் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கெல்லாம் சும்மா கொடுப்பாராம். 1990 ஜனவரி 4 அன்று, 86 வயதில், எம்.ஐ.டி.யிலேயே காலமானார். அரோராவில் அவர் பெயரில் குழந்தைகளுக்கான அறிவியல் மையம் ஒன்று இருக்கிறது.