பிறருக்கும் கார் செய்த கரிவரதன்

வெடிமருந்தோடு வாழும் நம் சிவகாசிப் பகுதியினருக்கு ஆபத்தான தொழில் புதிதல்ல. நாம் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்கிறோம். கோவை கரிவரதனோ விரும்பியே கார் பந்தயத்துக்குப் போனார். 1954இல் பஞ்சாலை அதிபர் குடும்பத்தில் பிறந்த அவர், சோழவரம் பந்தயங்களில் புகழ்பெற்றவர்.

பணக்காரர் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால் அவர் தன் வெற்றியோடு நின்றுவிடவில்லை. வசதி குறைந்த இளைஞர்களும் ஓட்டவேண்டுமென்று, நம் தெருக்களில் ஓடிய மாருதி 800 காரின் எஞ்சினையே வைத்து, குறைந்த செலவில், ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்பது அதன் பெயர். நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அதைத்தான்.

1995இல் சிறு விமான விபத்தில் கரிவரதன் இறந்தார், வயது 41. 2003இல் கோவை செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட பந்தயத் திடலுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2005இல் நரேன், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.