விலங்கு பூண்ட கைகள்

ஜப்பானிய ஓவியர் கிட்டகாவா உட்டமாரோ சிறுவனாயிருந்தபோது தும்பியை நூலில் கட்டியும், பூச்சியை உள்ளங்கையில் ஏந்தியும் விளையாடியவர். 1788ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய பூச்சிப் படநூலில் ஆசிரியர் செக்கியென் இதனை நினைவுகூர்ந்துள்ளார். இறகின் நரம்பையும் விடாது நோக்கிய அக்கண்கள் பின்னர் மனித முகங்களின்பால் திரும்பின.

அந்நாளில் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், எளியோரும் வாங்கத்தக்க மரச்செதுக்கு அச்சோவியங்கள் விற்கப்பட்டன. ஓவியர் வரைவார், செதுக்குநர் அதனைச் செர்ரி மரப்பலகையில் வெட்டுவார், அச்சிடுவோர் வண்ணத்திற்கொரு பலகையாக ஒற்றியெடுப்பார். நெற்றியோரத்து மயிரிழைகளை மரத்தில் நிறுத்திய செதுக்குநரின் பெயர் பெரும்பாலும் படத்தில் இராது, அது வருந்தத்தக்கதே. பதிப்பாளர் சுட்டாயா ஜூசாபுரோவின் துணையோடு, உட்டமாரோ பெண்களை மார்பளவில் பெரிதாக வரைந்தார். பின்னணியில் காக்கைப்பொன் துகள் மின்னியது.

யோஷிவாரா என்னும் கணிகையர் குடியிருப்பு அகழி சூழ்ந்தது. ஒரே பெருவாயில் உடையது. வறுமையால் இளம்வயதிலேயே விற்கப்பட்ட பெண்கள் பலர் அங்கு வாழ்ந்தனர். அவர்களின் ஆடையும் கொண்டையும் நகரெங்கும் நாகரிகமாயின. அவர்களோ வாயிலைத் தாண்ட இயலவில்லை. அவர்களின் ஒருநாளைப் பன்னிரு பொழுதுகளாக உட்டமாரோ தீட்டினார். அவ்வரிசையில், நள்ளிரவு கடந்தபின் உறக்கம் கலையாத ஒருத்தி, எரியும் திரியைக் கையில் பிடித்தவாறு செருப்பில் கால் நுழைக்கிறாள். அழகை விற்ற படமாயினும் அதில் களைப்பும் உண்டு.

தேநீர்க்கடைப் பெண் ஒகிட்டா முதலியோரையும் அவர் பெயர் பொறித்து வரைந்தார். ஆட்சியாளர்க்கு இது பொறுக்கவில்லை. கணிகையரல்லாத பெண்களின் பெயரைப் பொறிக்க 1793ஆம் ஆண்டு தடை வந்தது. உட்டமாரோ பெயரை எழுதாமல், அதன் ஒலி தரும் பொருள்களைப் படத்தின் மூலையில் வரைந்தார். வாங்குவோர் விடுகதையை அவிழ்த்தனர். 1796ஆம் ஆண்டு அப்புதிரும் தடுக்கப்பட்டது. 1800ஆம் ஆண்டு பெருமுக ஓவியமே கூடாதென்றனர்.

பெயர் போயிற்று, முகமும் போயிற்று, எஞ்சியவை கைகள். மறைந்த பேராட்சியாளர் ஹிடெயோஷி மனைவியருடன் மலர்க்காட்சியில் களிப்பதாக வரைந்தமைக்காக, 1804ஆம் ஆண்டு அக்கைகளில் 50 நாள் விலங்கு பூட்டினர். ஈராண்டில், 1806ஆம் ஆண்டு, உட்டமாரோ மறைந்தார்.

லண்டன், பாஸ்டன் அருங்காட்சியகங்களில் அவர் வரைந்த ஒகிட்டாவின் படங்கள் இன்று அவள் பெயராலேயே குறிக்கப்படுகின்றன.