டஸ்கீகித் தோட்டத்துப் பேராசான்

ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர் என்றதும் நம்மிற் பலர்க்குக் கச்சானே நினைவுக்கு வரும். கச்சானிலிருந்து நூற்றுக்கணக்கான பொருள்களை ஆக்கினார் என்ற புகழ் எங்கும் பரவியது. கச்சான் வெண்ணெயைக் கண்டவரும் அவரே என்னும் பிழையான கதையும் அதனோடு ஒட்டிக்கொண்டது. நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது அதனினும் பெரிதென நாம் கருதும் அவரது தோட்டத் தொண்டினையே.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 1864ஆம் ஆண்டளவில் அடிமைத் தாயொருத்திக்குப் பிறந்தவர் கார்வர். நலிந்த உடலினராதலின் கடும் வயல்வேலைக்கு விடப்படாது, வீட்டுவேலையும் தோட்டவேலையும் பயின்றார். வாடிய செடிகளைத் தேற்றும் அவர் கைவண்ணம் கண்ட அயலார் சிறுவரைச் செடி வைத்தியர் என்றழைத்தனர். 1885இல் கன்சாசிற் கல்லூரியொன்று நிறங்கண்டு அவரைத் திருப்பி அனுப்பியது. மனந்தளராது பயின்று 1896இல் அயோவாவில் விவசாயத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே புக்கர் வாஷிங்டன் அழைக்க, அலபாமாவின் டஸ்கீகி கல்விநிலையத்தில் ஆசிரியரானார்.

அங்கு அவர் கண்ட நிலம் பருத்தியொன்றையே ஆண்டுதோறும் தாங்கி உரமிழந்து கிடந்தது. அடிமைத்தளை நீங்கிய மக்களோ குத்தகை நிலத்தில் உழைத்து, வித்துக்கும் உணவுக்கும் கடைக்காரரிடம் கடன்பட்டிருந்தனர். வீட்டு வாயில்வரை பருத்தி நட்டவர்க்குக் கீரைப்பாத்திக்கு இடமேது? பன்றிக்கொழுப்பும் சோளமாவும் வெல்லப்பாகுமே உணவு. அவ்வுணவினால் வந்த பெலக்ரா நோய் தெற்குப் பகுதியெங்கும் பலரை வருத்தியது.

ஆதலின் கார்வரின் பாடம் வித்திலன்று, மண்ணிலேயே தொடங்கிற்று. விலைப்பசளை வாங்க வகையற்றோர்க்கு உதிர்ந்த இலையும் சதுப்புநிலச் சேறும் தொழுவத்துக் குப்பையும் போதும் என்று காட்டினார். குளிர்காலத்தில் ஆழ உழுது கூட்டெரு இடுதல், இளவேனிலில் விதைத்தல், கோடையில் கௌபீ பயிரிட்டு, அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணிற் சேர்த்தபின் கொடியை உழுது புதைத்தல், இலையுதிர்காலத்தில் உறைபனி விழுமுன் வற்றாளை கிண்டி, குளிர்காலக் கறிக்குக் கோவா இனத்துக் கீரைகளை வளர்த்தல் என ஆண்டு முழுவதும் கைக்கு வேலையிருந்தது. மண்வெட்டி பிடித்துக் கை கொப்பளித்த நம் பழைய மாணவர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

நிருவாகத்தில் அவர் வல்லவரல்லர். கோழிப்பண்ணைக் கணக்கின் குழப்பத்தால் அதிபரின் கண்டனத்துக்கு ஆளானார். பதவி துறப்பதாகப் பன்முறை எழுதினார். எனினும் தோட்டத்திற் கண்டதைத் தோட்டத்துள்ளே அடைத்துவைக்கவில்லை. 1906இல் கோவேறு கழுதை பூட்டிய வண்டியொன்று கருவிகளோடும் வித்துகளோடும் ஊர்களுக்குப் புறப்பட்டது. 1910இல் கிராமப் பள்ளிகளின் தோட்டக்கல்விக்கென்றே ஒரு சிறுநூல் வெளியிட்டார். எழுத்தறிவு குறைந்தோர்க்கும் விளங்குமாறு எளிய நடையில் எழுதுவதே அவர் வழக்கம்.

போர்க்காலமான 1942இல், முதுமையிலும், களையென மிதிபடும் பூண்டுகளில் உண்ணத்தக்கவை எவையென விளக்கி மற்றுமொரு சிறுநூல் எழுதினார். மறு ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் மறைந்தார். டஸ்கீகி வளவிலே, தம்மை அழைத்தவரும் கண்டித்தவருமான புக்கர் வாஷிங்டனின் அருகில் அவரை அடக்கம் செய்தனர்.