ஹைகன்ஸ் கண்ட கடிகார ஒற்றுமை

சனிக் கிரகத்தைச் சுற்றியிருப்பது வளையம் என்று உலகுக்கு முதலில் விளக்கியவர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். வான சாஸ்திரம் பயின்றோர் அவரை அதற்காகவே போற்றுவர். ஆனால் இன்று ரேடியோவும் டெலிபோனும் கணிப்பொறியும் நாள்தோறும் கையாளுகிற ஒரு தத்துவத்துக்கும் அவரே ஆதி புருஷர் என்பது பலர் அறியாத செய்தி.

ஹாலந்து தேசத்தில் ஹேக் நகரில் 1629-ம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி ஹைகன்ஸ் பிறந்தார். தந்தை கான்ஸ்டன்டைன் கவிஞர். ஆரஞ்சு வம்சத்தாரின் காரியதரிசி. தத்துவ ஞானி டேகார்ட்டின் நண்பர். மகன் லெய்டன் சர்வகலாசாலையில் சட்டமும் கணிதமும் கற்றார். சட்டத்தில் அவர் மனம் செல்லவில்லை. தாமே கண்ணாடிச் சில்லுகளைத் தேய்த்துத் தூரதிருஷ்டிக் கருவி அமைத்து, 1655-ல் சனியின் பெரிய சந்திரனாகிய டைட்டனைக் கண்டுபிடித்தார். 1659-ல் வளையத்தின் உண்மையை நூலாக வெளியிட்டார்.

1656-ல் அவர் ஊசல் கடிகாரத்தை ஆக்கினார். அதற்கு முன் நல்ல கடிகாரமும் நாளொன்றுக்குக் கால் மணி நேரம் பிசகும். ஹைகன்ஸின் கடிகாரத்திலோ பிசகு சில விநாடிகளாகக் குறைந்தது. எனினும் அவர் நாட்டம் கடலின் மீதே சென்றது. பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிஷம் ஆகிறது. ஆகவே கப்பலிலுள்ள கடிகாரம் நான்கு நிமிஷம் தவறினால், பூமத்திய ரேகையருகே கப்பலின் ஸ்தானம் சுமார் 111 கிலோமீட்டர் தவறிவிடும். இதனால் பாறையில் மோதி அழிந்த உயிர்கள் அநேகம். ஒரு கடிகாரம் நின்றாலும் மற்றொன்று ஓட வேண்டும் என்று கருதி, ஹைகன்ஸ் கப்பலுக்கென இரட்டைக் கடிகாரங்களைச் செய்வித்தார்.

1665 பிப்ரவரியில் அவர் நோயுற்றுப் படுத்திருந்தார். அறையில் அருகருகே அவ்விரு கடிகாரங்களும் தொங்கின. ஒன்றின் ஊசல் வலப்புறம் செல்லும்போது மற்றதன் ஊசல் தவறாமல் இடப்புறம் செல்வதை அவர் கவனித்தார். வேண்டுமென்றே ஆட்டத்தைக் கலைத்து விட்டாலும், அரை மணி நேரத்துக்குள் இரண்டும் பழைய ஒழுங்குக்குத் திரும்பின. காற்றின் அசைவே காரணம் என்று முதலில் எண்ணினார். இடையே பலகை வைத்துப் பார்த்தும் ஒற்றுமை குலையவில்லை. கடிகாரங்களைத் தூர விலக்கியதும் குலைந்தது. முடிவில், இரண்டையும் தாங்கிய மரச்சட்டத்தின் வழியாக, கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய அசைவு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கிறது எனத் தெளிந்தார்.

இரு கடிகாரங்கள் ஒத்துப்போவது பெரும் அநுகூலம் என்றே அவரும் தொடக்கத்தில் மகிழ்ந்தார். ஆனால் கண்ட காரணம் அம்மகிழ்ச்சிக்கு எதிராக நின்றது. மரச்சட்டத்தின் நுண்ணசைவே ஊசலை இழுக்குமானால், அலைகடலில் ஆடும் கப்பல் அதனை என்ன செய்யாது? இரண்டும் ஒத்திருப்பதால் இரண்டும் சரியென்று ஆகிவிடாது. கூடியே தவறவும் கூடும். தம் கருவியின் மீது ஐயத்தை எழுப்பும் இவ்வுண்மையை ஹைகன்ஸ் மறைக்கவில்லை. உடனே லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1673-ல் வெளியிட்ட ஊசல் கடிகார நூலிலும் காரணத்தோடு பதித்தார். கடல் கடிகாரத்தின் வெற்றி அவருக்குக் கிட்டவில்லை. அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் ஹாரிசன், ஊசலே இல்லாத கடிகாரத்தால் அதனை அடைந்தார்.

ஆயினும் அந்த வெளிப்படையான பேச்சு வீண்போகவில்லை. ஓர் அதிர்வை மற்றொன்றுடன் இணைத்து ஓடச் செய்யலாம் என்ற கருத்து வளர்ந்தது. 1932-ல் பிரெஞ்சு இன்ஜினீயர் டி பெல்லெஸீஸ் ரேடியோ அலைகளைப் பெறுவதற்கு அதைப் பயன்படுத்தும் முறையை எழுதினார். இன்று சிலிக்கான் சில்லுகளில் டிஜிட்டல் பேஸ்-லாக்டு லூப் என்னும் சுற்று இதே வேலையைச் செய்கிறது. உள்ளே பிறக்கும் அதிர்வை மேற்கோளான அதிர்வோடு ஒப்பிட்டு, வேற்றுமையை எண்ணாக்கி, அதற்கேற்ப ஓட்டத்தைத் திருத்திக்கொண்டே இருப்பது அதன் தொழில். ஹைகன்ஸின் கடிகாரங்களுக்கு அரை மணி பிடித்த இணக்கம் இங்கே மைக்ரோ விநாடிக் கணக்கில் முடிய வேண்டும்.

அவசரத்திலும் ஓர் இடர் உண்டு. திருத்தம் பெரிதானால் இணக்கம் விரைவில் வரும். ஆனால் ஓட்டம் நடுங்கும். சிறிதானால் ஓட்டம் அமைதியாகும். ஆனால் இணக்கம் தாமதிக்கும். ஆகவே இன்ஜினீயர்கள் முதலில் இரு அதிர்வெண்களின் இடைவெளியை எண்ணி அறிந்து, ஒரே தாவலில் அருகே கொண்டுவருகிறார்கள். பிறகு பெரிய திருத்தத்தில் தொடங்கி, நெருங்க நெருங்க அதனைக் குறைக்கிறார்கள். தொலைவில் வேகம், அண்மையில் நிதானம் என்பதே இதன் சூத்திரம்.

ஹைகன்ஸ் 1666 முதல் பாரிஸ் விஞ்ஞான அகாடமியில் பணி செய்தார். நோயினால் 1681-ல் தாயகம் திரும்பினார். ஒளி அலையாகப் பரவுகிறது என்னும் கொள்கையை 1690-ல் நூலாக்கினார். 1695 ஜூலை 8-ந் தேதி ஹேக் நகரிலேயே காலமானார். 2005-ல் டைட்டனில் இறங்கிய கருவிக்கு அவர் பெயரையே சூட்டினர்.

தமக்கு அநுகூலமாகத் தோன்றிய ஒன்றையும் காரணம் காணும்வரை சோதித்து, கண்டது தமக்குப் பாதகமாக இருந்தபோதும் உலகுக்கு உரைத்தவர் அவர். விஞ்ஞானம் ஒரு தேசத்தில் வேரூன்ற வேண்டுமானால், கருவிகளைக் காட்டிலும் இந்த நேர்மையே முதலில் வேண்டும்.