காற்றை மருந்தாக்கிய மருத்துவர்

எங்கள் கீழக்குயில்குடியின் சமணர் மலைமீது மூச்சு வாங்க ஏறி நின்றால், வயல்வெளிக் காற்று முகத்தில் மோதும், களைப்பெல்லாம் பறந்துவிடும். ஒரு காலத்தில் இம்மலையில் சமண முனிவர்கள் தங்கியிருந்தனர். உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி என்னும் நான்கையும் உயர்ந்த தானங்களாகப் போற்றுவது சமண மரபு. அவற்றுள் மருந்தையும் அடைக்கலத்தையும் ஒருசேர வழங்கிய தமிழர் ஒருவரின் வாழ்க்கையை இங்கே காண்போம்.

மதுரையிலிருந்து ரயிலில் சென்னை எழும்பூருக்குச் செல்வோர், தாம்பரத்தை அடுத்து 'தாம்பரம் சானடோரியம்' என்ற பெயர்ப் பலகையைக் காணலாம். அப்பெயருக்குக் காரணமானவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவரிமுத்து.

1864-ஆம் ஆண்டில் பிறந்த அவர், இங்கிலாந்தில் காசநோய் நிபுணராகப் புகழ் பெற்றார். அக்காலத்தில் எலும்புருக்கி நோய் என்றாலே மக்கள் நடுங்கினர். 1882-இல் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானியர் அந்நோயின் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். மருத்துவர்கள் ஸ்டெதாஸ்கோப்பால் மார்பின் ஓசையைக் கேட்டனர். சளியை நுண்ணோக்கியில் பார்த்தனர். 1895-க்குப் பின் எக்ஸ்ரே படமும் துணைக்கு வந்தது. நோயைக் கண்டறிய வழி இருந்தது. கிருமியைக் கொல்லத்தான் மருந்து இல்லை!

ஆகவே தூய காற்று, சத்துணவு, ஓய்வு ஆகிய மூன்றையுமே மருத்துவர்கள் நம்பினர். சவரிமுத்து அவர்கள் சாமர்செட் பகுதியில் மெண்டிப் குன்றுகளின்மேல் ஒரு சானடோரியத்தை நடத்தினார்.

1914-இல் கணித மேதை இராமானுஜன் சென்னையிலிருந்து 'நெவாசா' கப்பலில் புறப்பட்டபோது இவரும் உடன் பயணம் செய்தார். மூன்றே ஆண்டுகளில் அந்த மேதை நோயாளியாக இவரது சானடோரியத்திற்கு வந்தது விதியின் விளையாட்டே. காசநோய் என்றே அவருக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. 1920-இல், 32-ஆம் வயதில் இராமானுஜன் மறைந்தார். அவருக்கு இருந்தது ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று பின்னாளில் ஆராய்ந்தோர் சிலர் கருதுகின்றனர். நோயைச் சரியாகக் கண்டறிவது எத்துணை கடினம் என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

அறுபது வயதைக் கடந்தவர் ஓய்வை நாடுவதே இயல்பு. சவரிமுத்து அவர்களோ தாய்நாட்டு ஏழை நோயாளிகளை எண்ணினார். 1928 ஏப்ரல் 9-ஆம் நாள், தாம்பரத்தில் 250 ஏக்கர் நிலத்தில் பன்னிரண்டே படுக்கைகளுடன் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-இல் அது அரசின் பொறுப்பிற்கு வந்தது. 1940-இல் அவர் காலமானார்.

1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. வேறு மருந்துகளும் தொடர்ந்து வந்தன. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு, முறையாக மருந்து உட்கொண்டால் வீட்டிலிருந்தே குணமடையலாம் என்று உலகிற்குக் காட்டியது. காற்றுக்காக மாதக்கணக்கில் சானடோரியத்தில் தங்கும் தேவை மறைந்தது.

அப்படியானால் அவர் உழைப்பு வீணா? இல்லை! 1990-களில் எய்ட்ஸ் நோயாளிகளைப் பலரும் தொட அஞ்சியபோது, தாம்பரம் மருத்துவமனை அவர்களை ஏற்றுக்கொண்டது. அவர் நம்பிய சிகிச்சை பழையதாயிற்று. அவர் திறந்த கதவோ மூடப்படவில்லை. மதுரைக்கு அருகே தோப்பூரிலும் நெஞ்சக நோய்களுக்கென அரசு மருத்துவமனை உள்ளது.

இன்றும் இருமலை மறைப்போர் உண்டு. பெண் பிள்ளை என்றால் திருமணம் தடைபடுமே என்று வீட்டார் வாய் திறப்பதில்லை. தோழியரே! இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளலாம். சாதாரணக் காசநோய் ஆறு மாத மருந்தால் குணமாகும். நோயாளியை ஒதுக்குவதே நோயினும் கொடியது. பன்னிரண்டு படுக்கைகள் விரிக்க நம்மால் இயலாது. இருமும் அயலாரிடம் அன்பாய்ப் பேசி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நம் பெற்றோரிடம் சொல்லலாம் அன்றோ?

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு