ஓரிரவின் கதையும் கால்வாவின் வாழ்வும்

தமிழ் இலக்கணம் கற்பிக்கும் எனக்குக் கணிதப் பயிற்சி சிறிதே. எனினும், பிரான்சு நாட்டுக் கணித மேதை எவரிஸ்த் கால்வாவின் கதையைப் பல்லாண்டுகளாக மாணாக்கர்க்குச் சொல்லி வந்தேன். மறுநாள் துவந்த யுத்தத்தில் மடியப்போவதை அறிந்த இருபது வயது இளைஞன், விளக்கடியில் அமர்ந்து, விடியுமுன் ஒரு புதிய கணிதத்தையே படைத்தான் என்பது அக்கதை. அது மெய்யன்று என எம் கல்லூரிக் கணித ஆசிரியர் அண்மையில் எடுத்துக் காட்டினார். அவர் தந்த நூல்களைக் கற்றபின், கட்டுக்கதையினும் உண்மை வரலாறே ஆசிரியர்க்குப் பெரிதும் பயன்படும் எனக் கண்டேன். இளமையிலேயே மாண்டவனை, ஆசிரியனுக்குரிய உரிமையால், அவன் என்றே குறிப்பிடுகின்றேன்.

பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள பூர்-லா-ரேன் என்னும் ஊரில் 1811 ஒக்டோபர் 25 இல் கால்வா பிறந்தான். தந்தையார் அவ்வூரின் நகரபிதா. பன்னிரண்டு வயதுவரை தாயாரே அவனுக்கு ஆசிரியர். இலத்தீனும் கிரேக்கமும் அவரிடமே கற்றான். 1823 இல் பாரிஸிலுள்ள லூயி-லெ-கிராந் பாடசாலையிற் சேர்ந்தான். அங்கே லெஜாந்தரின் கேத்திரகணித நூல் கையில் வந்ததும் மற்றைப் பாடங்களில் நாட்டம் குன்றியது. லூயி ரிஷார் என்னும் கணித ஆசிரியர் ஒருவரே அவன் தகுதியை முழுதும் உணர்ந்தார். அவனுடைய வகுப்புக் கொப்பிகளை அவர் பேணி வைத்துப் பிற்காலத்தில் ஹெர்மித் என்னும் மற்றொரு மாணாக்கரிடம் ஒப்படைத்தார். நல்லாசிரியர் செய்யும் தொண்டு இதுவன்றோ!

கால்வா ஆராய்ந்த பொருள் யாது? இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் சூத்திரத்தைப் பாடசாலை மாணாக்கரும் அறிவர். முப்படிக்கும் நாற்படிக்கும் பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியர் சூத்திரம் கண்டனர். ஐம்படிக்கு அத்தகைய பொதுச் சூத்திரம் இருத்தல் இயலாது என நோர்வே நாட்டு ஆபெல் 1824 இல் நிறுவினார். ஆயின், எச்சமன்பாடு அம்முறையால் தீரும், எது தீராது எனப் பகுத்தறியும் அளவுகோலை வகுத்தவன் கால்வாவே.

ஒரு வாங்கில் ஐந்து மாணாக்கரை இருத்துவோம். அவர்கள் அமரக்கூடிய ஒழுங்குகள் 120. முதலிருவர் இடம் மாறுதல் ஒரு மாற்றம். எல்லோரும் ஓரிடம் நகர, கடைசியில் இருப்பவர் முதலிடத்துக்கு வருதல் மற்றொரு மாற்றம். இவ்விரண்டை மட்டும் வேண்டியவாறு அடுத்தடுத்துச் செய்தால் 120 ஒழுங்குகளும் கிடைத்துவிடும். உயிரும் மெய்யுமாகிய முப்பதைக் கற்ற சிறுவன் 216 உயிர்மெய்யையும் பெறுவது போன்றது இது. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தாலும், செய்ததை மீட்டாலும் தன்னுள்ளேயே அடங்கும் இத்தகைய மாற்றங்களின் தொகுதி, கூட்டம் எனப்படும். முழுவதையும் தோற்றுவிக்கும் அச்சிலவற்றைப் பிறப்பாக்கிகள் என்பர்.

ஒரு சமன்பாட்டின் தீர்வுகளை, அவற்றிடையே உள்ள தொடர்புகள் கெடாமல் இடம் மாற்றும் மாற்றங்களும் ஒரு கூட்டமாகும். அக்கூட்டம் படிப்படியாகப் பகுபட்டு, ஒவ்வொரு படியிலும் பகுக்கும் எண் முதன்மை எண்ணாக அமையுமாயின் சமன்பாடு தீரும் என்பது கால்வாவின் முடிபு. நாற்படியின் 24 மாற்றங்கள் அவ்வாறு பகுபடும். ஐம்படியின் 120 மாற்றங்களோ பாதியாகி 60 இல் நின்றுவிடும், அப்பாற் பகுபடா. ஓரெண்ணின் ஐந்தாம் வலுவிலிருந்து அவ்வெண்ணின் நான்கு மடங்கைக் கழித்து 2 ஐக் கூட்ட 0 வருகின்றது என்க. இச்சமன்பாட்டின் தீர்வுகளுள் மூன்று மெய்யெண்கள். ஏனைய இரண்டும் கற்பனைப் பகுதி உடையன. அவ்விரண்டும் தம்முள் இடம் மாறுதல் ஒரு மாற்றம். ஐந்தும் சுழலுதல் மற்றொன்று. பிறப்பாக்கிகள் இரண்டும் வந்தமையால் 120 மாற்றங்களும் வந்தன. ஆகவே அச்சமன்பாடு அம்முறையால் தீராது.

இத்துணை நுண்ணறிவு வாய்ந்தவன் எக்கோல் பொலித்தெக்னிக் என்னும் உயர்கல்லூரியின் நுழைவுப் பரீட்சையில் இருமுறை தவறினான். இரண்டாம் முறை 1829 இல். அவ்வாண்டு யூலை மாதத்திலேதான், அவதூறுக்கு ஆளான தந்தையார் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1830 இல் விஞ்ஞானக் கழகத்தின் பரிசுக்கு அவன் அனுப்பிய ஆய்வுரை செயலாளர் பூரியரிடம் சென்றது. பூரியர் மே மாதத்தில் இறந்தார், உரை கிடைக்கவில்லை. 1831 இல் மீண்டும் எழுதி அனுப்பினான். அதனை நோக்கிய புவாசோன் என்னும் அறிஞர், பொருள் விளங்கவில்லை, விரிவாக எழுதுக என்னும் கருத்துப்பட அறிக்கையிட்டார்.

இதற்கிடையில் முடியாட்சியை எதிர்த்த குடியரசுக் கட்சியாருடன் கால்வா சேர்ந்தான். பயின்ற கல்லூரியிலிருந்து விலக்கப்பட்டான். 1831 யூலை 14 இல் கைதாகிச் சிறையிருந்தான். மனமுடைந்த நிலையிலும் கணிதத்தை அவன் கைவிட்டானல்லன்.

1832 மே 29 இரவு அவன் எழுதியது உண்மையே. ஆனால் புதிய கணிதத்தைப் படைக்கவில்லை. மூன்றாண்டு உழைப்பின் பயனைத் தொகுத்து நண்பன் ஒகுஸ்த் செவாலியேக்குக் கடிதம் வரைந்தான். பழைய கையெழுத்துப் படியைத் திருத்தினான். மறுநாட் காலை வயிற்றிற் குண்டு பாய்ந்தது. மே 31 இல், தம்பி அல்பிரெட் அருகிருக்க, மருத்துவமனையில் உயிர்நீத்தான். அவன் தாள்களைத் தம்பியும் நண்பனும் பேணினர். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1846 இல் லியூவில் என்னும் அறிஞர் அவற்றை அச்சேற்றினார். எல்லாச் சமன்பாடுகளையும் ஒருங்கு நோக்க, முடிவுள்ள கூட்டங்கள் பலவற்றால் அமையும் முடிவிலாக் கூட்டம் ஒன்றும் இன்று அவன் பெயரால் வழங்குகின்றது. முடிவுள்ள ஒவ்வொரு கூட்டமும் விகிதமுறு எண்களாலான ஏதேனும் ஒரு சமன்பாட்டுக்கு உரியதாகுமா என்னும் வினா இன்றும் முடிவு பெறவில்லை.

புவாசோன்மீது முழுப்பழியையும் சுமத்துதல் முறையன்று. கால்வா இடைப்படிகளை விட்டு எழுதினான் என்பது மெய். ஆயினும் விரித்து எழுதுக என்றவர்க்கும், விரிக்க வேண்டியவனுக்கும் இடையே எஞ்சிய காலம் பதினொரு மாதங்களே.

முன்னொருமுறை செய்யுள் அலகிடும் வினாவுக்கு இடைப்படி எதுவும் காட்டாமல் முடிபை மட்டும் எழுதிய மாணாக்கன் ஒருவனுக்கு நான் பூச்சியம் இட்டேன். பார்த்து எழுதினான் என எண்ணினேன். விடைத்தாளைப் பிறிதொரு நாள் மீண்டும் நோக்கியபோது அவன் முடிபு சரியென்று கண்டேன். அதற்குள் அவன் கல்லூரியை விட்டுப் போய்விட்டான். எனக்கு விளங்காத விடைக்கு இப்போது நான் உடனே புள்ளியிடுவதில்லை. எழுதியவனை அழைத்து, எவ்வாறு கண்டாய் என வினவுகின்றேன். கால்வாவின் கதையையும் இப்போது இரவிலிருந்து தொடங்குவதில்லை. ரிஷார் பேணிய கொப்பிகளிலிருந்தே தொடங்குகின்றேன்.